உங்களுக்குத் தெரியுமா? மண் இல்லாத தொட்டியில் குட்டி மரம்

❖ போன்சாய்த் தொட்டிக்குள் இருப்பது தோட்டத்து மண் அல்ல. ஜப்பானியப் பண்ணைகளில் பெரும்பாலான மரங்கள் ‘அகடாமா’ என்கிற செம்பழுப்பு மணிகளில்தான் நிற்கின்றன. எரிமலைச் சாம்பல் காலங்காலமாகப் படிந்து களிமண்ணாக மாறிய அடுக்கு அது. டோக்கியோவைச் சுற்றியுள்ள கான்டோ சமவெளியில் மேல்மண்ணுக்கு அடியிலிருந்து தோண்டி, உலர்த்தி, சலித்து, பருமன் வாரியாக மூட்டை கட்டுகிறார்கள். தொட்டியில் இடுமுன் மரம் வளர்ப்பவர் இன்னொரு முறை சலித்துத் தூசியைக் கொட்டிவிடுவார். மக்கிய எரு கிடையாது, வண்டல் கிடையாது. மரத்துக்கு வேண்டிய சத்தெல்லாம் மேலே வைக்கும் உர உருண்டையிலிருந்தும் ஊற்றும் தண்ணீரிலிருந்தும்தான் இறங்குகிறது. பசுமைக்குடிலில் மண்ணில்லாமல் தக்காளியும் கீரையும் வளர்க்கிறார்களே, அந்த ஹைட்ரோபோனிக்ஸ் முறைக்கு இது மிக நெருங்கிய உறவு. குச்சியிலிருந்து புது மரம் உண்டாக்குகிறவர்கள் மண்ணுக்குப் பதிலான ஹைட்ரோபோனிக்ஸ் ஊடகங்களைத் தேடிப் போவது அதனால்தான்.

❖ டோக்கியோவுக்கு வடக்கே டோச்சிகி மாகாணத்தில் கனுமா என்று ஒரு நகரம். சுமார் 45,000 ஆண்டுகளுக்கு முன்னால் அகாகி எரிமலை வெடித்தபோது பறந்துவந்த நுரைக்கல் அந்தப் பகுதியில் தனி அடுக்காகப் படிந்தது. அதைத் தோண்டி எடுப்பதுதான் ‘கனுமா’ ஊடகம். அமிலத்தன்மை உள்ளது, மக்கிய பொருள் ஏறக்குறைய இல்லாதது. சட்சுகி அசேலியா என்ற பூஞ்செடியின் மயிரிழை வேர்களுக்கு இது அவ்வளவு பொருந்துகிறது. வெட்டிய குச்சியை, அதாவது போத்தை, ஊன்றுவதும் இதில்தான், வளர்ந்த மரம் நிற்பதும் இதில்தான். ஈரமாக இருந்தால் மஞ்சள், காய்ந்தால் வெளிறிவிடும். தண்ணீர் ஊற்றும் வேளையைத் தொட்டுப் பார்க்காமலே சொல்லிவிடலாம்.

❖ ஆழம் குறைந்த தொட்டியில்தான் வேர் அழுகும் ஆபத்து அதிகம். தட்டு மாதிரி இருக்கிற தொட்டி சீக்கிரம் காய்ந்துவிடும், ஈரம் தங்காது என்றுதான் பலரும் நினைக்கிறோம். நடப்பது வேறு.

தண்ணீர் ஊற்றி, அடித்துளையில் சொட்டுவது நின்ற பிறகும், தொட்டியின் அடியில் ஒரு அடுக்கு முழுக்க நனைந்தே இருக்கும். அங்கே துகள்களுக்கு இடையிலுள்ள சந்து அத்தனையிலும் தண்ணீர், காற்றுக்கு இடமில்லை. அந்த அடுக்கு எத்தனை சென்டிமீட்டர் என்பதைத் தீர்மானிப்பது துகளின் பருமன். தொட்டியின் ஆழத்துக்கு அதில் வேலையே இல்லை. பொடியான கலவை ஒன்றில் அது 5 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 25 சென்டிமீட்டர் ஆழமுள்ள தொட்டியில் ஐந்தில் ஒரு பங்குதான் சேறு; மீதியில் வேர் மூச்சு விடலாம். அதே கலவையை 5 சென்டிமீட்டர் ஆழப் போன்சாய்த் தட்டில் நிரப்பினால் அடிமுதல் மேல்வரை சேறு.

சோதித்துப் பார்க்கப் பாத்திரம் தேய்க்கும் செவ்வகப் பஞ்சு ஒன்று போதும். நன்றாக நனைத்துப் படுக்கையாகப் பிடியுங்கள். சொட்டுவது நின்றதும் அப்படியே நெட்டுக்குத்தாகத் திருப்புங்கள். பஞ்சும் அதேதான், தண்ணீரும் அதேதான்; மறுபடியும் சொட்டத் தொடங்கும். உயரம் கூடியதால் வடிகிற தண்ணீர் அது.

போன்சாய்க்காரர்கள் 3 முதல் 6 மில்லிமீட்டர் வரையிலான மணிகளைத் தேடித்தேடிச் சலித்து எடுப்பதற்கு இதுவே காரணம். பருமனான மணியில் அந்த நனைந்த அடுக்கு மெல்லியதாகிவிடுகிறது. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டவர் கையில் எந்த ஊடகமும் பிழைக்கும் என்பேன்.

❖ தொட்டியின் அடியில் ஓட்டாஞ்சில்லையும் ஜல்லியையும் பரப்பினால் வடிகால் நன்றாக இருக்கும் என்பது நம் வீடுகளில் தலைமுறையாக வரும் பழக்கம். துளையை மறைக்க ஒரு சில்லு வைப்பது சரி. அடுக்காகப் பரப்பினால் பயன் இல்லை. பொடியான கலவையிலிருந்து தண்ணீர் பெரிய ஜல்லிச் சந்துக்குள் எளிதில் இறங்காது; நனைந்த அடுக்கு ஜல்லிக்கு மேலே ஏறி உட்கார்ந்துகொள்ளும். வேருக்கு மிஞ்சும் காற்றோட்டமான இடம் முன்னைவிடக் குறைவுதான்.

❖ ஒரு லிட்டர் காற்றில் ஏறக்குறைய 280 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கிறது. 20 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைந்திருப்பது 9 மில்லிகிராம் அளவுதான். வெப்பம் 30 டிகிரியைத் தொட்டால் அதுவும் ஏழரை மில்லிகிராமாக இறங்கிவிடும். போதாததற்கு, தண்ணீருக்குள் ஆக்சிஜன் பரவும் வேகம் காற்றில் பரவுவதைவிடச் சுமார் பத்தாயிரம் மடங்கு குறைவு. சித்திரை வெயிலில் தண்ணீர் தேங்கிய தொட்டியில் இலை வாடுவது தாகத்தால் அல்ல, மூச்சுத் திணறலால். அதைப் பார்த்து இன்னும் ஒரு குவளை ஊற்றினால் செடி போய்விடும்.

❖ மரம் மண்ணைத் தின்று வளர்வதில்லை என்று முதலில் அளந்து காட்டிய சோதனை ஒரு தொட்டி மரத்தில்தான் நடந்தது. பெல்ஜியப் பகுதியைச் சேர்ந்த யான் பாப்டிஸ்ட் வான் ஹெல்மான்ட் உலர்த்திய 200 பவுண்டு மண்ணைத் தொட்டியில் நிரப்பி, 5 பவுண்டு எடையுள்ள வில்லோ மரக்கன்றை நட்டார். மழைநீரோ வடித்த நீரோ மட்டும் ஊற்றினார். ஐந்து ஆண்டு கழித்து மரத்தின் எடை 169 பவுண்டு. மண்ணில் குறைந்தது 2 அவுன்ஸ். எல்லாம் தண்ணீரிலிருந்தே வந்தது என்று அவர் முடிவு கட்டினார். காற்றிலுள்ள கரியமில வாயுவை இலை எடுத்துக்கொள்கிறது என்பது அப்போது யாருக்கும் தெரியாது. காணாமல் போன அந்த 2 அவுன்ஸை அவர் பொருட்படுத்தவும் இல்லை. இந்தச் சோதனை அச்சில் வந்தது அவர் இறந்தபின், 1648இல்.

❖ அந்த 2 அவுன்ஸில் என்ன இருந்தது என்று கண்டுபிடிக்க இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆனது. 1860களில் ஜெர்மானியர்களான யூலியஸ் வான் சாக்ஸும் வில்ஹெல்ம் நாப்பும் உப்புகளை நீரில் கரைத்து, அதிலேயே செடிகளை முழுதாக வளர்த்துக் காட்டினார்கள். கலிபோர்னியாவில் வில்லியம் ஜெரிக்கி 1929 முதல் அதைச் சோதனைக்கூடத்துக்கு வெளியே கொண்டுவந்து, 25 அடி உயரத் தக்காளிக் கொடிகளை வளர்த்தார்.

இந்தியாவில் இதற்கு முன்னோடியான இடம் அன்று டார்ஜிலிங் மாவட்டத்தில் இருந்த கலிம்போங். 1946இல் ஜே. ஷோல்டோ டக்ளஸ் அங்கே செய்த சோதனைகளில் பம்பும் குழாயும் பெரிதாக இல்லை. கல்துண்டும் மணலும் நிரப்பிய தொட்டி, மேலே தூவும் உப்புக்கலவை, பிறகு தண்ணீர், அவ்வளவுதான். வீட்டில் போன்சாய் வளர்ப்பவருக்கு இன்றைய பெரிய இயந்திர அமைப்புகளைவிட இந்த எளிய வழியே பொருத்தம். ‘வங்காள முறை’ என்ற பெயரிலேயே அது உலகெங்கும் அறியப்பட்டது.

❖ மண்ணில்லாமல் மரம் வளர்வதைப் பார்க்க நாம் ஜப்பானுக்குப் போக வேண்டாம். கோபுரத்தை அண்ணாந்து பார்த்தால் போதும். பறவை எச்சத்தில் விழுந்த ஆலம் விதையும் அரச விதையும் சுண்ணாம்புக் காரையின் விரிசலில் முளைத்து நிற்கும். திருப்பணி தொடங்கும்போது அவற்றை வேரோடு அகற்றுவதே பெரும் பாடு. பனையின் மட்டைச் சந்தில் முளைத்து, தரையைத் தேடி வேர் இறக்கும் ஆலும் நம் கிராமங்களில் சாதாரணக் காட்சி. காற்றிலேயே வேர் விடும் இந்த இனத்துக்குக் கல்துண்டும் மணி ஊடகமும் புதியவை அல்ல. போன்சாய் தொடங்குகிறவர் ஆல், அரசு, இச்சி வகைகளில் ஒன்றை எடுத்தால் ஏமாற்றம் குறைவு.

இன்னொரு வசதியும் உண்டு. முருங்கையையும் பூவரசையும் கிளுவையையும் போத்து வெட்டி ஊன்றுவதுபோல் ஆலையும் கை பருமனுள்ள கிளையாகவே ஊன்றலாம். சாலையோர ஆலமரங்கள் பல அப்படி வந்தவைதான். விதையிலிருந்து ஒரு தடித்த அடிமரம் உருவாகப் பல்லாண்டு ஆகும். பருத்த போத்து அந்தக் காத்திருப்பை ஒரே வெட்டில் கடந்துவிடுகிறது.

❖ வெட்டிய குச்சியின் அடியில் வெள்ளையாகத் திரண்டு வருவது வேர் அல்ல. அது காயத்தை மூடும் திசு. அது நன்றாகத் திரண்டும் கடைசிவரை வேரே விடாத குச்சிகள் உண்டு. அது இல்லாமலே பக்கவாட்டில் வேர் பிறக்கும் குச்சிகளும் உண்டு. அடிக்கடி பிடுங்கிப் பார்ப்பவர்கள் அந்த வெள்ளைத் திரளை வேர் என்று நம்பி உரம் கொடுக்கத் தொடங்கிவிடுகிறார்கள். வேர் வந்துவிட்டதற்கு நம்பகமான அடையாளம், லேசாக இழுத்தால் குச்சி எதிர்த்துப் பிடிப்பது. துளிர் விட்டதை நம்ப வேண்டாம். குச்சியில் சேமித்திருந்த மாவுச்சத்தைக் கொண்டே சில இலைகள் வந்துவிடும்.

❖ தலைகீழாக ஊன்றிய குச்சி பெரும்பாலும் தேறாது. நுனியில் உருவாகும் ஆக்சின் என்ற ஊக்கி நுனியிலிருந்து அடியை நோக்கியே நகர்கிறது. குச்சியை நாம் எப்படித் திருப்பினாலும் அந்தத் திசை மாறுவதில்லை. எது அடி என்று மறக்காமலிருக்க நாற்றங்கால்களில் கீழ்முனையைச் சாய்வாகவும் மேல்முனையை நேராகவும் வெட்டுவார்கள். பழமரத்துக்கு அது சரி.

போன்சாய்க்கு மட்டும் அடிமுனையையும் சமமாக வெட்டுவதுதான் நல்லது. சாய்வு வெட்டில் தாழ்ந்த பக்கம் வேர் குவிந்து, மறுபக்கம் மொட்டையாக நின்றுவிடும். அடிமரத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒரே மட்டத்தில் வேர் பரவி நிற்பதை ஜப்பானியர் ‘நெபாரி’ என்று கொண்டாடுகிறார்கள். மரத்துக்கு வயதின் தோற்றத்தைத் தருவதில் கிளைகளைவிட அதற்கே பங்கு அதிகம். பத்தாண்டு கழித்துத் தெரியப்போகும் அந்த அழகு, குச்சி வெட்டும் நாளில் கத்தி பிடிக்கும் கோணத்திலேயே தொடங்கிவிடுகிறது.

❖ கடையில் ‘வேர் ஊக்கி’ என்று விற்கும் பொடியில் இருப்பது பெரும்பாலும் இண்டோல் பியூட்டிரிக் அமிலம், சுருக்கமாக ஐ.பி.ஏ. குச்சியில் வேர் வரவழைக்கும் இதன் ஆற்றலை 1935இல் அமெரிக்காவின் பாய்ஸ் தாம்சன் ஆய்வு நிலையத்தில் கண்டறிந்தார்கள். செடியின் முக்கிய இயற்கை ஆக்சின் சீக்கிரம் சிதைந்துவிடும், இது தாக்குப்பிடிக்கும். கூடுதலாகத் தடவினால் கூடுதல் வேர் வராது. அடி கறுத்துக் கருகிவிடும். டப்பாவுக்குள் நேராகக் குச்சியை நுழைக்காமல், வேண்டிய பொடியைத் தனியே எடுத்துத் தொட்டு, மிஞ்சியதைத் தட்டிவிடுங்கள்.

❖ பெர்லைட் என்பது எரிமலைக் கண்ணாடி. அதற்குள் சிறைப்பட்ட சிறிதளவு தண்ணீர், 850 டிகிரிக்கு மேல் சூடாக்கும்போது ஆவியாகி, இளகிய கண்ணாடியைச் சோளப்பொரி போல ஊதிவிடும். பழைய பருமனைவிட 4 முதல் 20 மடங்கு வரை பெருக்கும். வெள்ளைவெளேரென்று, எடையில்லாமல், சத்து எதுவும் இல்லாமல் கிடைக்கும் பொருள் அது. மூட்டையைப் பிரிக்கும்போது கிளம்பும் தூசி நுரையீரலுக்கு ஆகாது. முதலில் தண்ணீர் தெளித்துவிட்டு அள்ளுங்கள்.

வெர்மிகுலைட்டும் இப்படி ஊதிப் பெருப்பதுதான். ஆனால் இது அப்பிரகத்தைப் போன்ற ஏட்டடுக்குக் கனிமம். பொன்னிறத் துண்டுகளாக விரியும். திருப்பத்தூர்ப் பக்கம் செவ்வாத்தூரில் தமிழ்நாடு கனிம நிறுவனம் இதை வெட்டி எடுக்கிறது. தண்ணீரையும் சத்தையும் நன்றாகப் பிடித்துவைப்பதால் வேர் விடும் பருவத்துக்கு ஏற்றது. நாளாவட்டத்தில் நசுங்கிப் படிந்துவிடும் என்பதால் போன்சாய்த் தொட்டிக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

❖ உலகின் பசுமைக்குடில்களுக்குப் போகும் ஊடகம் ஒன்று பொள்ளாச்சியிலிருந்து கப்பல் ஏறுகிறது. தேங்காய் மட்டையிலிருந்து நாரைப் பிரித்தபின் உதிரும் தென்னை நார்த்துகள்தான் அது, சந்தையில் கோகோபீட். லிக்னின் மிகுந்திருப்பதால் எளிதில் மக்காது. ஒரு காலத்தில் நார் ஆலைகளைச் சுற்றி மலைபோல் குவிந்து, மழையில் கசிந்து, நிலத்தையும் நீரையும் கெடுத்துக்கொண்டிருந்த கழிவு. இன்று 5 கிலோ கட்டியாக அழுத்தி ஏற்றுமதி செய்கிறார்கள். நீரில் போட்டால் ஒரு கட்டி எழுபது லிட்டர் அளவுக்கு விரியும். தன் எடையைப்போல் எட்டு மடங்குக்கு மேல் தண்ணீர் பிடிக்கும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. வீட்டில் பயன்படுத்துகிறவர்கள் பலர் மாட்டிக்கொள்வது அங்கேதான். தென்னை நார்த்துகளில் பொட்டாசியமும் சோடியமும் ஒட்டிக்கொண்டிருக்கும். வெறும் தண்ணீரில் அலசினால் தளர்ந்து கிடக்கும் உப்பு போகும். துகளின் மேற்பரப்பைப் பற்றிக்கொண்டிருப்பது போகாது. பிறகு நாம் சத்துநீர் ஊற்றும்போது துகள் அதிலுள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு, சோடியத்தை வேருக்குத் தள்ளிவிடும். பிஞ்சு வேர் கருகுவது, புதுத்துளிர் சுருண்டுபோவது எல்லாம் இதனால். கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஓர் இரவு ஊறவைத்துப் பிறகு நன்றாக அலசினால் கால்சியம் அந்த இடங்களைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை வெளியேற்றிவிடும். ஏற்றுமதித் தரத்தில் இதைச் செய்தே அனுப்புகிறார்கள். உள்ளூரில் மலிவாக வாங்கும் கட்டியில் செய்திருப்பார்கள் என்று நம்பிவிடாதீர்கள்.

போத்து ஊன்ற, கோகோபீட்டும் பெர்லைட்டும் பாதிக்குப் பாதி நல்ல கலவை. ஆழமில்லாத போன்சாய்த் தொட்டியில் தனிக் கோகோபீட் வேண்டவே வேண்டாம். மேலே சொன்ன பஞ்சுச் சோதனையை நினைத்துப் பாருங்கள்.

❖ அமெரிக்காவில் பேஸ்பால் மைதானத்தில் தண்ணீர் தேங்காமலிருக்கத் தூவும் சுட்ட களிமண் துண்டுகளைப் போன்சாய்க்காரர்கள் மூட்டை மூட்டையாக வாங்குகிறார்கள். இங்கிலாந்தில் பூனைக் கழிவுத் தட்டுக்கு விற்கும் ஒரு பொருளை வாங்குகிறார்கள். டென்மார்க்கில் வெட்டியெடுக்கும் நுண்பாசிப் படிவு மண்ணைச் சுட்டது அது. நம் ஊரில் செங்கல் துண்டு. நன்றாக வெந்த செங்கல்லை உடைத்து, 3 முதல் 6 மில்லிமீட்டர் அளவுக்குச் சலித்து, தூசி போகக் கழுவினால் இவை எதற்கும் குறைந்ததல்ல. அரைவேக்காட்டுக் கல் சில மாதங்களில் சேறாகிவிடும்; தட்டினால் கணீரென்று ஒலிக்கும் கல்லாக எடுங்கள்.

❖ அலுவலக வரவேற்பறைச் செடிகளில் பார்க்கும் பழுப்பு நிறக் களிமண் உருண்டைகள் சுமார் 1,200 டிகிரியில் சுழலும் சூளையில் பொரிந்தவை. உள்ளெல்லாம் காற்றறைகள். பெரிய உருண்டைகளுக்கு இடையில் மெல்லிய வேர் காய்ந்துபோகும். போத்துக்குப் பொடி ரகமே சரி.

❖ உருக்கிய பாறையை இழையாக நூற்றுச் செய்யும் பாறைப் பஞ்சில் குச்சி மிக எளிதில் வேர் விடும். டச்சுப் பசுமைக்குடில்களில் தக்காளி நிற்பது பெரும்பாலும் இதில்தான். போன்சாய்க்கு மட்டும் இதில் எனக்கு உடன்பாடில்லை. வேர் அந்தப் பஞ்சைத் துளைத்துப் பின்னிக்கொண்டபின் அதைப் பிரித்தெடுக்கவே முடியாது. அடிமரத்துக்குக் கீழே ஒரு சதுரக் கட்டி நிரந்தரமாகத் தங்கிவிடும். வேர்களை விசிறியாகப் பரப்பி ஒழுங்கு செய்ய வேண்டிய மரத்துக்கு அது தீராத இடையூறு. உதறினால் வேரைவிட்டு உதிர்ந்துவிடும் ஊடகமே நமக்கு வேண்டும்.

❖ கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் விட்ட வேரும், மணிகளுக்கிடையில் விட்ட வேரும் ஒன்றல்ல. தண்ணீரில் பிறந்த வேருக்கு வேர்த்தூவிகள் குறைவு, உள்ளே காற்றுக் குழிகள் அதிகம், தொட்டால் ஒடியும். அதைத் தொட்டிக்கு மாற்றினால் பல நாள் திகைத்து நிற்கும், சில சமயம் அந்த வேர்களை முழுதாக இழந்து புது வேர் விட்டுத்தான் எழும். தண்ணீரில்தான் தொடங்குவேன் என்பவர்கள் வேர் ஒரு விரற்கடை நீளம் வந்தவுடனே மாற்றிவிடுவது நல்லது. நீண்டு சுருண்ட வெள்ளை வேர் கண்ணுக்கு அழகு, மரத்துக்குப் பயனில்லை.

❖ விண்பதியம் போடும்போது கட்டும் ஸ்பேக்னம் பாசி, தன் உலர்ந்த எடையைப்போல் இருபது மடங்கு வரை தண்ணீர் தாங்கும். அமிலத்தன்மையால் கிருமிகள் அதில் எளிதில் பெருகுவதில்லை. முதல் உலகப் போரில் பஞ்சுக்குத் தட்டுப்பாடு வந்தபோது காயம்பட்ட வீரர்களுக்குக் கட்டுப்போட இந்தப் பாசியைத்தான் பயன்படுத்தினார்கள்.

போன்சாய் வளர்ப்பில் விண்பதியத்துக்குத் தனி மதிப்பு. பெரிய மரத்தில் நல்ல வளைவும் கிளையமைப்பும் உள்ள ஒரு பகுதியைக் கண்ணால் தேர்ந்தெடுத்து, அது மரத்திலிருக்கும்போதே வேர் விடச் செய்து, ஒரு நாள் அறுத்தெடுத்துத் தொட்டியில் வைத்துவிடலாம். கிளையின் விட்டத்தைப்போல் ஒன்றரை மடங்கு அகலத்துக்குப் பட்டையை வளையமாக நீக்குங்கள். அடியிலுள்ள வழுவழுப்பான வளர்படலத்தையும் கத்தியால் சுரண்டிவிட வேண்டும். அதை விட்டுவைத்தால் பட்டை மறுபடி கூடிவிடும், வேர் வராது. மேல்விளிம்பில் ஊக்கி தடவி, பிழிந்த பாசியோ கோகோபீட்டோ வைத்துப் பாலித்தீனால் இறுக்கிக் கட்டுங்கள். வேர் பிறப்பது மேல்விளிம்பிலிருந்துதான். இலைகள் சமைத்த உணவு பட்டை வழியாகக் கீழே இறங்கி வந்து, வழி அடைபட்டுத் தேங்குமிடம் அது.

❖ ஜப்பானின் இட்டோய்கவா பகுதி மலைப்பாறைகளில் வளர்ந்த சிம்பாகு ஜூனிபர்களை எடுக்க ஒரு காலத்தில் ஆட்கள் கயிறு கட்டிச் செங்குத்துப் பாறையில் இறங்கினார்கள். காட்டு மரங்கள் அருகிப்போயின. இன்று சந்தைக்கு வரும் சிம்பாகு பெரும்பாலும் போத்திலிருந்து வளர்த்தவை. இந்த முறை காட்டையும் காக்கிறது என்பதை இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும்.

பைன் மரமோ போத்தில் எளிதில் வேர் விடாது. அதற்கு ஜப்பானியர் கண்ட வழி: விதை முளைத்த சில வாரங்களிலேயே நாற்றின் வேரை முழுதாக வெட்டி எறிந்து, மொட்டைத் தண்டை ஊக்கியில் தொட்டு மறுபடி ஊன்றுவது. அத்தனை இளசாக இருக்கும்போது அது வேர் விடும். கீழே ஒற்றை ஆணிவேருக்குப் பதில் சுற்றிலும் சம வேர்கள் வரும்.

❖ சவுக்கில் ஊசி என்று நாம் நினைப்பது இலை அல்ல, பச்சைக் குறுந்தண்டு. உண்மையான இலை அதன் கணுக்களில் செதிலாகச் சுருங்கிக் கிடக்கிறது. அந்தக் குறுந்தண்டையே கிள்ளி வெர்மிகுலைட்டில் ஊன்றித் தமிழ்நாட்டு நாற்றங்கால்கள் குளோன் கன்றுகளை உருவாக்குகின்றன; கோவையிலுள்ள வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவனம் சிறந்த சவுக்கு ரகங்களை வெளியிட்டிருக்கிறது. காகிதத்துக்கும் கம்பத்துக்கும் வளர்க்கிற இதே சவுக்கு போன்சாய்க்கும் அருமையான மரம். சவுக்கின் வேர்முடிச்சில் பிராங்கியா என்ற பாக்டீரியா குடியிருந்து காற்றின் நைட்ரஜனைப் பிடித்துக் கொடுக்கும். சுத்தமான ஊடகத்தில் அது இருக்காது. பெரிய சவுக்கின் வேர்முடிச்சைக் கொஞ்சம் அரைத்து நீரில் கலந்து ஊற்றினால் கன்றுக்குத் துணை கிடைத்துவிடும்.

❖ வேர் இல்லாத குச்சிக்கு உரம் தேவையில்லை. வேர் வந்தபின் கால் பங்கு வலுவில் சத்துநீர் போதும். அதிலும் யூரியாவை நம்பாதீர்கள். மண்ணில் நுண்ணுயிர்கள் யூரியாவை உடைத்து வேருக்கு ஏற்ற வடிவில் தருகின்றன. புதிய பெர்லைட்டில் அந்தக் கூட்டம் இன்னும் குடியேறியிருக்காது. நைட்ரேட் வடிவிலுள்ள உரமே சரி. போர்வெல் தண்ணீரின் கடினத்தன்மையால் கார அமில நிலை 6.5க்கு மேல் ஏறினால் இரும்புச்சத்து கரையாமல் நின்றுவிடும். புதிய இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். மழைநீரைப் பிடித்துவைக்க இதைவிட நல்ல காரணம் வேண்டுமா?

❖ ஹைட்ரோபோனிக்ஸ் மரத்தை விரட்டி வளர்க்கும்: கணு நீளும், இலை பெருக்கும். போன்சாயின் இறுதி அழகுக்கு வேண்டியது இதற்கு நேர் எதிர். இரண்டையும் பகைமையாகப் பார்க்க வேண்டாம், பருவம் பிரித்துக்கொள்ளலாம் என்பதே என் கருத்து. வேர் விடவும் அடிமரம் பருக்கவும் சத்துநீரும் மணி ஊடகமும். அதற்குப் பிறகு ஆழமற்ற தொட்டி, அளந்த உரம், கவாத்து. பருக்கும் பருவத்தில் பக்கமெல்லாம் துளையுள்ள பிளாஸ்டிக் கூடையில் வையுங்கள். துளையை எட்டும் வேர்நுனி காற்றுப்பட்டு உலர்ந்து நின்றுவிடும். பின்னாலிருந்து பல கிளைவேர்கள் புறப்படும். சாதாரணத் தொட்டியில் சுவரோரம் சுற்றிச்சுற்றி வரும் வேரை இப்படித் தடுத்துவிடலாம்.

❖ வாஷிங்டனில் அமெரிக்க தேசிய மரத்தோட்டத்தில் ஒரு வெண்பைன் இருக்கிறது. 1625 முதல் தொட்டியில் வளர்ந்துவரும் மரம். 1945 ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமாவில் குண்டு விழுந்த இடத்திலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் தொலைவில், யமாகி குடும்பத்தின் பண்ணையில் ஒரு மதிலோரம் நின்று பிழைத்தது. 1976இல் மசாரு யமாகி அதை அமெரிக்காவுக்கே அன்பளிப்பாகக் கொடுத்தார். அணுகுண்டைத் தாண்டி வந்த மரம் அது என்பது, 2001இல் அவருடைய பேரன்கள் வந்து சொன்னபோதுதான் தோட்டத்தினருக்குத் தெரிந்தது. நான்கு நூற்றாண்டைத் தொட்டுவிட்ட மரம். ஆனால் அதன் தொட்டியிலுள்ள ஊடகத்துக்குச் சில வயதுதான். நொறுங்கிப் பொடியாகும் மணிகளைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அகற்றி, வேரைக் கத்தரித்து, புது மணியிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அந்த வேலை நின்றால் சந்துகள் அடைபட்டு, காற்று நின்றுவிடும்.

❖ ஒளி புகும் பாத்திரத்தில் போத்து வைத்தால் பாசி பிடிக்கும். கறுப்புத் தாள் சுற்றுங்கள். ஒரே தட்டில் பல குச்சிகள் இருந்து ஒன்று அழுகினால் அதை உடனே எடுத்துவிடுங்கள். வேரழுகலைக் கொண்டுவரும் பித்தியம் என்ற நுண்ணுயிர் நீரிலேயே நீந்திப் பரவும்.

❖ மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் விலக்கு, தென்னாப்பிரிக்காவில் யானைகள் விரும்பித் தின்னும் போர்ட்டுலகேரியா. நம் நர்சரிகளில் ‘ஜேட்’ என்ற பெயரில் சல்லிசாகக் கிடைக்கிறது. இதன் குச்சியை வெட்டியவுடன் ஊன்றக் கூடாது. நிழலில் சில நாள் போட்டு வெட்டுவாய் நன்றாக உலர்ந்தபின், லேசான ஈரமுள்ள செங்கல் துண்டில் நிறுத்துங்கள். பாலித்தீன் மூட வேண்டாம். முதல் வாரம் தண்ணீரும் வேண்டாம்.